டிவியில் பேஸ்பால்: கேள்வி பதில்

அமெரிக்க மேஜர் லீக் ஆட்டங்களை டிவியில் பார்ப்பது பற்றிய கேள்விகள் மட்டும். பந்தயம் கட்ட டிப்ஸ் கேட்டவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

கோவை: அண்ணே, புதுசா பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். பாதி நேரம் எல்லாரும் சும்மா நிக்கிற மாதிரியே இருக்கு. எதைப் பார்க்கணும்?

பந்து போடுபவர் பிட்சர்; பேட்டருக்குப் பின்னால் அதைப் பிடிப்பவர் கேட்சர். அந்தக் கேட்சரின் கிளவுஸைப் பாருங்கள். பந்து கிளம்பும் முன்பே அதை ஓரிடத்தில் காட்டிக்கொண்டு குந்தியிருப்பார். பிட்சருக்குக் குறி அதுதான். வெளிப்பக்கம் தாழ்வாகக் காட்டிய கிளவுஸ் சடாரென்று உள்பக்கம் பாய்ந்து பந்தைப் பிடித்தால், அம்பயர் ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிராகக் கணக்கில் சேரும் பந்து; அடிக்காமல் விட்ட, குறிப்பிட்ட எல்லைக்குள் வராத பந்து 'பால்') என்று சொன்னாலும் பிட்சருக்குக் குறி தப்பிவிட்டது. இரண்டு இன்னிங்ஸ் இப்படிப் பார்த்தாலே இன்றைக்கு அவர் கை எப்படி இருக்கிறது என்பது புரிந்துவிடும். முன்பெல்லாம் கேட்சர் தொடைகளுக்கு நடுவே விரல்காட்டி எந்தப் பந்து என்று சொல்வதும் திரையில் தெரியும். 2022-இல் பிட்ச்காம் என்ற மின்னணுக் கருவி வந்தது; இப்போது பொத்தானை அழுத்துகிறார், பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கிறது. நமக்குத்தான் ஒரு வேடிக்கை போயிற்று. சும்மா நிற்கும் நேரமும் 2023 முதல் குறைந்துவிட்டது. பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் நிற்கும் இடம்) ஆள் இல்லை என்றால் 15 விநாடிக்குள் பிட்சர் போட ஆரம்பித்தாக வேண்டும்.

சேலம்: கிரிக்கெட்டா, பேஸ்பாலா? எது பெஸ்ட்?

அடுத்த கேள்வி.

மதுரை: திரையில் காட்டுற கட்டத்துக்குள்ள பந்து தெளிவா விழுது. அம்பயர் 'பால்'ங்கிறார். அவருக்குக் கண்ணு தெரியாதா?

அந்தக் கட்டம் மைதானத்தில் இல்லை, திரையில் வரைந்தது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பேட்டர் நிற்கும் இடத்தருகே தரையில் பதித்த ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். விதிப்படி ஸ்ட்ரைக் ஸோன் என்பது அந்தப் பிளேட்டின் மேல் நிற்கும் ஒரு தூண். பந்து அதில் எங்கே உரசினாலும் ஸ்ட்ரைக். டிவிக்காரர்கள் தூணைத் தட்டையான சட்டமாக்கிவிடுகிறார்கள். பிளேட்டின் முன்விளிம்பைத் தவறவிட்டுப் பின்பக்கம் வளைந்து உள்ளே வரும் கர்வ் பால் சட்டத்துக்கு வெளியே தெரியும். ஆனால் அது ஸ்ட்ரைக். மேல்கோடும் கீழ்க்கோடும் பேட்டரின் உயரத்தைப் பொறுத்தவை.

கேமராவும் சூது செய்யும். பிட்சருக்குப் பின்னால் மைதானக் கோடியில் இருக்கும் சென்டர் ஃபீல்டு கேமராவை நேர் நடுவில் வைத்தால் பிட்சரின் முதுகு மறைக்கும். அதனால் பெரும்பாலான மைதானங்களில் லெஃப்ட் ஃபீல்டு பக்கமாகச் சற்றுத் தள்ளி வைக்கிறார்கள். நேராகப் போகும் பந்தும் சாய்ந்து போவதாகத் தெரியும். தொலைவிலிருந்து பெரிய லென்ஸில் இழுத்துக் காட்டுவதால் பிட்சருக்கும் பிளேட்டுக்கும் இடையிலான 60 அடி 6 அங்குலத் தூரம் நாலு எட்டாகச் சுருங்கிவிடும். அம்பயரும் தப்பு செய்வார், இல்லையென்று சொல்லவில்லை. கட்டத்தைப் பார்த்து மட்டும் அவரைத் திட்டாதீர்கள்.

சென்னை: அண்ணே, 2026-ல வந்த சேலஞ்ச் முறை நம்ம டிஆர்எஸ் மாதிரிதானே? 'அம்பயர்ஸ் கால்' உண்டா?

நல்ல கேள்வி. பால், ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து வீரரே மறுபரிசீலனை கேட்கும் முறையைச் சொல்கிறார். இரண்டிலும் ஹாக்-ஐ கேமராக்கள்தான். ஆனால் எல்பிடபிள்யூவில் பந்து காலில் பட்டு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு எங்கே போயிருக்கும் என்று கணிக்க வேண்டும். கணிப்பு என்றால் பிழைக்கு இடமுண்டு, அதனால்தான் அம்பயர்ஸ் கால். இங்கே பந்து பிளேட்டைக் கடந்தே போய்விடுகிறது. போன பாதையை அளந்தால் போதும். ஸோனின் ஓரத்தைத் துளி தொட்டாலும் ஸ்ட்ரைக். நடுவாந்தரமான தீர்ப்பு கிடையாது. அணிக்கு இரண்டு சேலஞ்ச், ஜெயித்தால் கணக்கில் குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் உடனே தலையைத் தட்டிக் கேட்க வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் யோசனை கேட்கக் கூடாது. கூடுதல் வேடிக்கை: இந்த முறை பிளேட்டின் நட்டநடுவில் ஒரு தளத்தை மட்டுமே அளக்கிறது. ஆக, விதிப்புத்தகத்தின் தூண் வேறு, இது வேறு.

மதுரை: அப்போ எல்லாப் பந்தையும் மெஷினே சொல்லிடலாமே! அம்பயர் எதுக்கு?

சொல்லலாம். ஆனால் கேட்சரின் கலை செத்துப்போகும். ஓரத்தில் வந்த பந்தைப் பிடிக்கும்போதே மணிக்கட்டை அரை அங்குலம் உள்ளே நகர்த்தி ஸ்ட்ரைக் மாதிரி காட்டுவார் பாருங்கள், மெதுவாக ஓட்டிப் பார்த்தாலும் சிலரிடம் அது தெரியாது.

சென்னை: அது ஏமாத்து வேலைதானே?

விதி தடுக்காத ஏமாற்று. எனக்குப் பிடிக்கும்.

மதுரை: ஏமாத்துக்கு நீங்களே வக்காலத்தா?

ஆமாம். நீங்களும் சென்னையும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஸ்கார்பரோ: அண்ணா, 2025 வேர்ல்ட் சீரிஸ் ஃபைனல் தொடரில மூண்டாவது மேட்ச் விடிய விடியப் பாத்தனாங்கள். எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில ரெண்டாம் பேஸில ஒராளை நிப்பாட்டுவினமே, அண்டைக்கு ஏன் இல்லை?

9 இன்னிங்ஸில் சமனாகி ஆட்டம் நீளும்போது அப்படி ஆள் நிறுத்துவது வழக்கமான சீசனுக்கு மட்டும், சீசன் முடிந்து வரும் பிளேஆஃபில் கிடையாது. அதனால்தான் 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். டாட்ஜர்ஸின் ஃப்ரெடி ஃப்ரீமேன் ஹோம் ரன் அடித்து முடித்தபோது டொராண்டோவில் அதிகாலை மூன்று மணியை நெருங்கியிருந்தது. அதே அணியின் ஒஹ்டானி அன்று 9 முறை பேஸ் ஏறினார்; அதில் 4 தடவை, அடிக்க விடாமல் இருக்க, வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். 2017 முதல் அதற்குப் பந்து போடவே வேண்டாம், மேனேஜர் (அணியின் பயிற்சியாளர்) கைகாட்டினால் போதும். டொராண்டோ தோற்ற ஏழாவது ஆட்டம் பற்றி உங்களிடம் பேச எனக்குத் தைரியமில்லை.

அயோவா: காசு கட்டியும் மேட்ச் வரலை சார்!

உள்ளூர் ஒளிபரப்பு உரிமைத் தடை. உங்கள் மாநிலத்தை ஆறு அணிகள் தங்கள் ஊர் என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தன. சந்தா கட்டும் முன் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள்.

திருச்சி: வர்ணனை யாருடையது நல்லா இருக்கும்?

வின் ஸ்கல்லி. டாட்ஜர்ஸ் அணிக்கு 1950 முதல் 2016 வரை 67 சீசன், பெரும்பாலும் தனி ஆளாக. 1988-இல் கால் நொண்டியபடி வந்த கிர்க் கிப்சன் ஹோம் ரன் அடித்ததும் ஒரு நிமிடத்துக்கும் மேல் வாயே திறக்கவில்லை, கூட்டத்தைப் பேசவிட்டார். இப்போது இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஈரோடு: கிரிக்கெட்டை விட பேஸ்பால் கஷ்டமா?

சேலத்துக்காரரைக் கேளுங்கள்.

தாம்பரம்: நம்ம ஊர்ல லைவ் எத்தனை மணிக்கு?

கோடையில் நியூயார்க் இரவு 7 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் விடிகாலை 4.30. லாஸ் ஏஞ்சலஸ் என்றால் காலை 7.30, ஆபீஸ் கிளம்பும் நேரம். ஞாயிறு மதியம் நியூயார்க்கில் 1.30-க்குத் தொடங்குவது இங்கே இரவு 11. திங்கள்கிழமை லீவு போட முடிந்தவர்கள் அதைப் பார்க்கலாம்.