மகள் லெட்டர்பிரஸ் அச்சகம் தொடங்க விரும்புகிறார்: கம்பாசிட்டராக இருந்த ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பல ஆண்டுகள் கம்பாசிட்டராக ஈய எழுத்துகளை அடுக்கி அச்சுக் கோத்து, கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபியும், தகட்டிலிருந்து ரப்பர் வழியாக அச்சிடும் ஆஃப்செட்டும் வந்தபோது அந்த வேலையை இழந்து, வேறு பிழைப்புத் தேடிய உங்களிடம், விஷுவல் கம்யூனிகேஷன் படித்து மாதச் சம்பளத்தில் இருக்கும் மகள் வந்து, மை தடவிய எழுத்தைத் தாளில் அழுத்தி அச்சிடும் லெட்டர்பிரஸ் அச்சகம் ஒன்றைச் சிறியதாக வைக்கப்போவதாகச் சொன்னால் நெஞ்சு பதறத்தான் செய்யும். அந்தப் பதற்றம் நியாயமானது. ஆனால் உங்கள் கண்முன்னே நொடித்துப்போன தொழிலும் அவர் தொடங்க நினைக்கும் தொழிலும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இயந்திரம் மட்டுமே பொது.

உங்கள் காலத்தில் நோட்டீஸ், புத்தகம், வார இதழ் என எல்லாவற்றையும் மலிவாக அச்சிட லெட்டர்பிரஸ்தான் வழி. அந்த இடத்தை ஆஃப்செட் எடுத்துக்கொண்டுவிட்டது, அது திரும்பி வராது. இன்று அந்த இயந்திரத்துக்கு இரண்டு விதமான வேலைகள் இருக்கின்றன. ஒன்று, சிவகாசியிலும் மற்ற ஊர்களின் சிறு அச்சகங்களிலும் நடந்துகொண்டிருக்கும் வேலை: பில் புத்தகத்துக்கு நம்பர் போடுதல், கிழிப்பதற்குத் துளை வரிசை போடும் பெர்பரேஷன், அட்டைகளுக்கு மடிப்புக் கோடு போடும் கிரீசிங், வேண்டிய வடிவில் வெட்டும் டை பஞ்சிங். மற்றொன்று, உங்கள் மகள் மனத்தில் இருக்கும் வேலை: தடித்த பருத்திக் காகிதத்தில், விரலால் தடவினால் எழுத்தின் பள்ளம் தெரியும்படி அச்சிடும் திருமண அழைப்பிதழ், முகவரி அட்டை, கவிதைத் தாள். இதற்கு நல்ல விலை தரும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஆனால் அவர்கள் குறைவு, அவர்கள் வருவதும் முகூர்த்த மாதங்களை ஒட்டித்தான். ஆடியிலும் மார்கழியிலும் வாடகையைக் கட்ட வேண்டியது நம்பரிங் வேலைதான். அந்த வேலையைக் கௌரவக் குறைவாக நினைக்காமல் செய்ய அவர் தயாரா என்பதுதான் அவரிடம் நான் கேட்கப்போகும் முதல் கேள்வி. தயார் என்றால், இதை ஒரு தொழிலாக நான் ஆதரிப்பேன்.

விலை சொல்வதில்தான் புதியவர்கள் பலர் இடறுகிறார்கள். நூறு அழைப்பிதழ், இரண்டு நிறம் என்றால் மொத்தம் 200 முறை அழுத்த வேண்டும். கையால் தாள் கொடுக்கும் சிறு லெட்டர்பிரஸ் இயந்திரமான ட்ரெடிலில் அது அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் கோத்த எழுத்தைச் சேஸ் என்னும் இரும்புச் சட்டத்தில் பூட்டி, அச்சிடும் தாளுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் தாளை ஒவ்வொன்றாக ஒட்டியும் உரித்தும் அழுத்தத்தைச் சரிசெய்து, முதல் நிறம் முடிந்ததும் ரோலரைக் கழுவி, அடுத்த நிறத்தை அதன் இடத்தில் பிசகாமல் உட்காரவைப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். எண்ணிக்கையை வைத்து விலை சொன்னால் மேக்ரெடி எனப்படும் அந்த முன்தயாரிப்பு நேரம் முழுவதும் இலவசமாகிவிடும்.

இன்னொன்று உங்களுக்கே நன்றாகத் தெரியும். தாளின் பின்புறம் அச்சு புடைத்தால் அதைக் குற்றம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நீங்கள். இன்றைய வாடிக்கையாளர் அந்தப் புடைப்பைத்தான் கேட்டு வாங்குகிறார். ஈய எழுத்தை அப்படி அழுத்தினால் விரைவில் முகம் மழுங்கிவிடும். எழுத்து வார்ப்படச் சாலைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்ட நிலையில், மழுங்கிய தமிழ் எழுத்துக்கு மாற்று கிடைப்பது அரிது. எனவே ஆழமான அழுத்தம் வேண்டிய வேலைகளுக்குக் கணினியில் வடிவமைத்து எடுக்கும் பாலிமர் தகடோ உலோக பிளாக்கோ போதும். ஈய எழுத்தை மெல்லிய அழுத்தத்தில் செய்யும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூடிய அச்சகம் ஒன்றிலிருந்து, ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் எழுத்துக்கேஸ்களை வாங்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். எடைபோட்டு வாங்க வேண்டாம். தமிழில் உகர, ஊகார வரிசைகளில் ஒவ்வொரு மெய்க்கும் தனி வடிவம் என்பதால் ஆங்கிலத்தைவிட அதிக அறைகள் தேவை. அவற்றில் பாதி காலியாக இருந்தால் மீதி எழுத்தால் ஒரு பத்தியைக்கூடக் கோக்க முடியாது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் வார்த்த எழுத்து என்றால், ணை, லை, ளை, னை ஆகியவை பழைய துதிக்கை வடிவிலும், ணா, றா, னா ஆகியவை பழைய சுழி வடிவிலும் இருக்கும். அவற்றைக் கழிவாக நினைத்துவிடாதீர்கள். அந்த வடிவங்களை விரும்பிக் கேட்போர் இருப்பார்கள், ஆனால் ஒரே வேலையில் புதியதையும் பழையதையும் கலக்கக் கூடாது.

இடம் தரைத்தளமாகவே இருக்கட்டும். சிறிய ட்ரெடில்கூடப் பல நூறு கிலோ எடை இருக்கும். ஓடும் ட்ரெடிலில் தாள் கோணலாக விழுந்தால் அதைச் சரிசெய்யக் கையை உள்ளே விடாமல், அழுத்தம் விழாதபடி லீவரைத் தள்ளி அந்த ஒரு தாளை விட்டுவிடும் பழக்கம் அவருக்கு முதல் நாளிலேயே வர வேண்டும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. எழுத்தை வீட்டில் உருக்கவே கூடாது. இவற்றை உங்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க வேறு யாரும் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, வரிசை தவறினால் நஷ்டம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம். மானியம் நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35 சதவீதம். ஆனால் அந்த மானியம் புதிய தொழிலுக்கு மட்டுமே. முதலில் சிறியதாகத் தொடங்கிப் பதிவும் செய்துவிட்டு, பிறகு விண்ணப்பித்தால் ஏற்க மாட்டார்கள். ஆகவே முடிவெடுக்கும் வரை சொந்தப் பெயரில் எதையும் தொடங்க வேண்டாம். முடிவெடுத்ததும் மாவட்டத் தொழில் மையத்தில் அன்றைய விதிகளைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, கடன் ஒப்புதலுக்குப் பிறகே இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

அதுவரை அவர் வேலையை விட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஓர் ஆண்டுக்கு விடுமுறை நாள்களில், நம்பரிங்கும் பஞ்சிங்கும் நடக்கும் ஓர் அச்சகத்தில் உதவியாளராக நிற்கட்டும். முறையான படிப்பு வேண்டும் என்றால் சென்னை தரமணியிலும் சிவகாசியிலும் அச்சுத் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு இருக்கிறது. ஆனால் அவருக்கு இப்போது தேவை இன்னொரு சான்றிதழ் அல்ல, கைப்பழக்கம். ஸ்டிக் என்னும் கையில் பிடிக்கும் சட்டத்தில் எழுத்தைத் தலைகீழாக, இடமிருந்து வலமாக அடுக்கும்போது, கண் அடுத்த அறைக்குப் போயிருக்க, எழுத்தின் உடம்பிலுள்ள வெட்டு சரியான பக்கம் இருக்கிறதா என்று பெருவிரல் தடவிப் பார்த்துக்கொள்ளுமே, அது புத்தகத்தில் வராது, உங்கள் கையிலிருந்து வரும்.

அடுத்த ஞாயிறு நீங்கள் இருவரும் சேர்ந்து போய் அந்தக் கேஸ்களைப் பாருங்கள். எந்தெந்த அறையில் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்று அவரை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு வரி கோக்கச் சொல்லி, மை தடவி, சோதனை அச்சாக ஒரு புரூஃப் எடுங்கள். அந்தப் பட்டியலையும் புரூஃபையும் எடுத்துக்கொண்டு இருவருமாக என்னிடம் வாருங்கள்.