விறகுக் குவியலில் இருப்பது எலியா, மூஞ்சூறா?

வாசகரின் கேள்வி: வீட்டின் பின்சுவரை ஒட்டி விறகும் கழித்த கிளைகளும் ஓராண்டாகக் குவிந்து கிடக்கின்றன. இரவில் சலசலப்புக் கேட்கிறது. கூரிய மூக்குடைய சிறு பிராணி ஒன்றையும் பார்த்தோம். விஷம் வைக்கலாமா, கொளுத்திவிடலாமா?

இரண்டும் வேண்டாம். மூக்கு கூராக இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் அது மூஞ்சூறாகவே இருக்கக்கூடும். எலியைப் போலத் தோன்றினாலும் அது கொறிக்கும் இனமன்று; பூச்சியும் மண்புழுவும் தின்று வாழ்வது. கண்கள் கடுகளவே இருக்கும். மூக்கு வாயைத் தாண்டி நீண்டு, ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கும். முன்காலில் மூஞ்சூறுக்கு ஐந்து விரல்கள், சுண்டெலிக்கு நான்கு. கொறித்த விதைத்தோலும் அரிசிமணி போன்ற புழுக்கையும் கிடந்தால் சுண்டெலியும் உடன் குடியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

சில மூஞ்சூறு இனங்களில், கூடு கலைந்தால், முதல் குட்டி தாயின் வாலடியைக் கவ்விக்கொள்ள, அதன் பின்புறத்தை அடுத்த குட்டி கவ்வ, குடும்பமே ஒரு சரமாக ஓடும். ஒருமுறை அதைப் பார்த்தவருக்குத் தீக்குச்சியை எடுக்கக் கை வராது. முள்ளெலியின் நிலை இன்னும் பரிதாபம்: ஆபத்தென்றால் அது ஓடாமல் சுருண்டுகொள்வதால், குவியலோடு சேர்ந்து எரிந்துபோகும். விஷமும் எலியோடு நிற்பதில்லை. விஷமுண்ட எலியைத் தின்னும் ஆந்தையையும் அது கொல்லும்.

உண்மையான சிக்கல், குவியல் சுவரை ஒட்டியிருப்பதுதான். 6 மி.மீ. இடைவெளி கிடைத்தால் சுண்டெலி வீட்டுக்குள் நுழைந்துவிடும். ஆகவே விறகைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், இயன்றால் வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி அடுக்குங்கள். கிளைகளைத் தோட்டத்தின் கோடியில், தடித்தவை அடியிலும் மெல்லியவை மேலுமாகப் போட்டுவிட்டால், பிராணிகள் அங்கே இருந்துகொள்ளும்.

குவியலைப் பகலில், கையுறை அணிந்து, மேலிருந்து சிறிது சிறிதாகப் பிரியுங்கள். எலியைத் தேடிப் பாம்பும் வந்திருக்கலாம் என்பதால் முதலில் கோலால் தட்டிப் பாருங்கள். உள்ளே குட்டிகள் கண்ணில் பட்டால், எடுத்த கிளைகளை மீண்டும் மூடிவிட்டுச் சில வாரங்கள் பொறுத்திருங்கள். காய்ந்த புழுக்கையைப் பெருக்கக் கூடாது. அந்தத் தூசி வழியே நோய்க்கிருமி மூச்சில் கலக்கலாம். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தில் ஒன்பது பங்கு நீர் சேர்த்துத் தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.