நேருவும் பட்டேலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். நேரு முன்கோபக்காரர், பட்டேல் பிடிவாதக்காரர், ராஜாஜி யாரோடும் ஒத்துப்போகாதவர் என்றெல்லாம் படிக்கிறேன். மாணவர்களிடம் இதைச் சொன்னால் தலைவர்கள் மீதுள்ள மரியாதை போய்விடாதா?

ர.

அன்புள்ள ர.,

தாராளமாகச் சொல்லுங்கள். பெரியவர்கள் சண்டை போடுவார்கள் என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ராஜாஜியை விடுங்கள், 1942இல் காங்கிரஸ் கட்சி முழுவதும் ஒரு பக்கம் நிற்க, தனியே வெளியேறியவர். அதைக் குணக்கேடு என்றால் எனக்குக் கோபம் வரும்.

நீங்கள் நல்ல ஆசிரியர் என்பது கடிதத்தின் தவிப்பிலேயே தெரிகிறது. ஆனால் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே! சில நாட்களாக அதைத்தான் நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1947 டிசம்பரில் அஜ்மீரில் கலவரம். நேரு தாமே போவதாக இருந்து, முடியாமல், தம் செயலாளரை அனுப்பினார். உள்துறை பட்டேலுடையது. தன் அதிகாரிகளை விசாரிக்கப் பிரதமர் ஆள் அனுப்பினார் என்றுதானே ஊர் பேசும் என்று அவர் கொதித்தார். தேவைப்படும் இடத்தில் தலையிட முடியாத பிரதமர் வெறும் பொம்மை என்பது நேருவின் வாதம். பிரதமர் சமமானவர்களில் முதலாமவர், சக அமைச்சரின் துறைக்கு எஜமானர் அல்லர் என்பது பட்டேலின் வாதம். 1948 ஜனவரியில் இருவரும் காந்திக்குத் தனித்தனியே குறிப்பு எழுதினார்கள். ஒத்துவராவிட்டால் விலகிக்கொள்ளவும் இருவருமே தயார்.

நேருவால் தலையிடாமல் இருக்க முடியாது; தன் எல்லையில் யார் கால்வைத்தாலும் பட்டேலால் பொறுக்க முடியாது. குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசியல் சாசனமே எழுதி முடியாத நாட்டில், அமைச்சரவை எப்படி நடக்கவேண்டும் என்ற கேள்வியைக் கிளப்பியது அந்தக் குணம்தான். வம்பை மட்டும் பொறுக்கிக்கொண்டு கேள்வியை விட்டுவிடுவதா வரலாற்றுப் பாடம்?

ஜனவரி 30 மாலை பட்டேல் காந்தியிடம் பேசிக்கொண்டிருந்ததும் இந்த விவகாரத்தைத்தான். மணி ஐந்து தாண்டியது. பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது என்று, காந்தியின் கூடவே இருந்த உறவுப்பெண் ஆபா கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி 3 அன்று நேரு பட்டேலுக்கு எழுதினார். இரண்டே நாளில் நெகிழ்ந்து பதில் வந்தது.

அதோடு சுபம் போட்டுவிடாதீர்கள். குடியரசுத் தலைவர் பதவிக்கு நேரு ராஜாஜியை விரும்ப, பட்டேல் ராஜேந்திர பிரசாத் பக்கம் நின்றார். 1950 டிசம்பரில் பட்டேல் இறக்கும்வரை உரசல் ஓயவில்லை. அமைச்சரவையைவிட்டு அவர் போகவும் இல்லை.

பட்டேல் பிரதமராகியிருந்தால் என்று ஒரு மாணவன் கட்டாயம் கேட்பான். அதுதான் நன்றாயிருந்திருக்கும் என்று முதுமையில் ராஜாஜியே எழுதினார் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்த இரண்டு குறிப்புகளையும் அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.