ரகசியம் கசிந்தால் யார் தலை உருளும்? – கேள்வி பதில்

2025 மார்ச்சில் அமெரிக்க அமைச்சர்கள் ஏமன் தாக்குதல் விவரங்களை சிக்னல் செயலியில் பேசிக்கொண்டது, டிசம்பரில் அதுபற்றி வந்த விசாரணை அறிக்கை, இதுபோன்ற பழைய விவகாரங்கள் எல்லாவற்றையும் கேட்கலாம். நான் ராணுவத்தில் சிக்னல்ஸ் என்ற தகவல்தொடர்புப் பிரிவில் இருந்தவன், ஓய்வுக்குப் பிறகு சட்டம் படித்தேன். அந்த இரண்டு பக்கமிருந்தும் பதில் சொல்வேன். ட்ரம்ப் நல்லவரா கெட்டவரா என்று கேட்க விரும்புபவர்கள் வேறு ஆளைப் பார்க்கவும்.

மாடிவீட்டுக்காரன்: செய்தியைத் துண்டு துண்டாகத்தான் படித்தேன். முதலிலிருந்து சொல்ல முடியுமா சார்?

சொல்கிறேன். ஏமனின் ஹூதிப் படைகள் மீது தாக்குதல் நடத்துவது பற்றிப் பேச, அன்றைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மைக் வால்ட்ஸ் சிக்னலில் ஒரு குழு தொடங்கினார். துணை அதிபர், வெளியுறவு அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், உளவுத் துறைத் தலைவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். கூடவே தி அட்லாண்டிக் இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க்கும் இருந்தார். அவரைச் சேர்த்தது வால்ட்ஸின் கணக்குதான். வேறொரு அதிகாரியின் பெயரில் கோல்ட்பெர்க்கின் எண் வால்ட்ஸ் போனில் பதிவாகியிருந்தது என்று பிறகு செய்தி வந்தது.

மார்ச் 15 அன்று, வாஷிங்டன் நேரம் காலை 11:44க்கு, பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் குழுவில் ஒரு அட்டவணை போட்டார். 12:15க்கு எஃப்-18 விமானங்கள் கிளம்பும், 1:45க்கு முதல் தாக்குதல், 2:15க்கு டிரோன்கள், 3:36க்கு இரண்டாம் சுற்று, கப்பலிலிருந்து டோமஹாக் ஏவுகணைகள். அதே தொடரில் 'ஓப்செக்' சுத்தமாக இருக்கிறது, அதாவது செயல்பாட்டு ரகசியம் பத்திரமாக இருக்கிறது, என்றும் எழுதினார். கோல்ட்பெர்க் ஒரு சூப்பர் மார்க்கெட் வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்து, சொன்ன நேரத்துக்குக் குண்டு விழுகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தது. மார்ச் 24 அன்று விஷயத்தை எழுதினார், தாக்குதல் விவரங்களை மட்டும் மறைத்துவிட்டு. அரசு "ரகசியம் எதுவும் இல்லை" என்று அடம்பிடித்ததும், 26ஆம் தேதி முழுதாக வெளியிட்டார்.

புதுப்போன் பாஸ்கர்: சிக்னல் பாதுகாப்பான செயலி என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? மறையாக்கத்தை உடைக்க முடியுமா?

உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, தம்பி. செயலியை விடுங்கள், போனைப் பாருங்கள், குழுவில் இருக்கும் ஆளைப் பாருங்கள். மறையாக்கம், அதாவது என்க்ரிப்ஷன், வழியில் போகும் செய்தியைத்தான் காக்கும். போனுக்குள் ஒற்று மென்பொருள் இருந்தால் நீங்கள் படிப்பதை அவனும் படிப்பான். குழுவிலேயே பத்திரிகை ஆசிரியர் உட்கார்ந்திருந்தால் எந்தக் கணிதமும் உதவாது.

வக்கீல் குமாஸ்தா: அதில் ரகசிய முத்திரையுள்ள தகவல் எதுவும் இல்லை என்று செனட்டிலேயே சொன்னார்களே. அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது?

நல்ல கேள்வி. மொத்த விவகாரமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மார்ச் 25 அன்று, அந்தக் குழுவில் இருந்த தேசிய உளவுத் துறை இயக்குநர் துளசி கப்பார்டும் சிஐஏ இயக்குநர் ஜான் ராட்கிளிஃபும் செனட் குழு முன்னால் அப்படித்தான் சொன்னார்கள். தகவல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனது பென்டகனின், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின், தலைமை ஆய்வாளர் அலுவலகம். விசாரிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் செனட் ராணுவக் குழுவின் இரு கட்சித் தலைவர்கள், குடியரசுக் கட்சியின் ரோஜர் விக்கரும் ஜனநாயகக் கட்சியின் ஜாக் ரீடும். டிசம்பரில் வந்த அறிக்கை சொல்வது: அந்த நேர விவரங்கள், மத்திய கிழக்கில் அமெரிக்கப் படைகளை நடத்தும் மத்தியக் கட்டளையகம் அமைச்சருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தவை. அந்த மின்னஞ்சலின் மேல் 'ரகசியம், வெளிநாட்டவருக்குக் காட்டக் கூடாது' என்ற முத்திரை இருந்தது. அமைச்சர் அதைத் தன் சொந்த போனிலிருந்து, அனுமதியில்லாத செயலியில், தாக்குதலுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு அனுப்பினார். இது துறையின் விதியை மீறிய செயல், விமானிகளுக்கும் பணிக்கும் ஆபத்தை உண்டாக்கியிருக்கக் கூடும்.

அடுத்த வரியைக் கவனியுங்கள். ஒரு தகவலுக்கு ரகசிய முத்திரை வைக்கவும் எடுக்கவும் பாதுகாப்பு அமைச்சருக்கு அதிகாரம் உண்டு என்றும் அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. ஹெக்செத் நேரில் விசாரணைக்கு வரவில்லை. எழுத்தில் ஒரு விளக்கம் கொடுத்தார், எது முத்திரைக்குரியது என்று தீர்மானிப்பது என் அதிகாரம் என்ற பொருளில். அறிக்கை வந்ததும் தான் முழுக்க விடுவிக்கப்பட்டதாக அறிவித்துக்கொண்டார்.

முத்திரைக் கட்டை யார் கையில் இருக்கிறதோ, அவர் மீது முத்திரையை மீறினார் என்று வழக்குப் போடுவது கடினம். சட்டம் அந்த இடத்தில் தானாகவே கையை எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பது நாடாளுமன்றம், பத்திரிகை, பதவி கொடுத்தவரின் மனசாட்சி. கடைசியாகச் சொன்னதை நான் பெரிதாக நம்புவதில்லை. அதனால் 'முத்திரை இருந்ததா' என்று கேட்காதீர்கள், 'தகவல் என்ன' என்று கேளுங்கள். விமானம் கிளம்புவதற்கு முன்னால் கிளம்பும் நேரம் எதிரி கையில் கிடைத்தால், முத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் விமானி ஒரே மாதிரிதான் சாவார்.

அகிலா_திருச்சி: வாட்ஸ்அப்பை விட சிக்னல் பாதுகாப்பானதுதானே சார்?

மேலே பாஸ்கருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்: நம் பட்டாளத்தில் இப்படி ஒரு நாயக் செய்திருந்தால் கோர்ட் மார்ஷல். அங்கே சிப்பாய்க்கும் அமைச்சருக்கும் ஒரே சட்டமா?

ஒரே சட்டம்தான் அண்ணே, 1917இன் உளவுச் சட்டம். விழும் அடிதான் வேறு வேறு. விமானப்படை தேசியக் காவல்படையின் ஜாக் டெக்ஷேரா, கைதானபோது வயது 21. டிஸ்கார்டு என்ற செயலியின் அரட்டையில் ரகசியத் தாள்களைப் போட்டார், 2024இல் 15 ஆண்டு சிறை. நீர்மூழ்கிக் கப்பலின் இயந்திர அறையை போனில் படம் எடுத்த கிறிஸ்டியன் சாசியர் என்ற கடற்படை வீரருக்கு ஓராண்டு. பின்னால் ட்ரம்ப் மன்னித்தார்.

மேலே போகப் போக எடை குறைவதைப் பாருங்கள். தளபதியாக இருந்து சிஐஏ தலைவரான டேவிட் பெட்ரேயஸ், உளவாளிகளின் அடையாளங்கள் உட்பட எழுதி வைத்திருந்த எட்டுக் குறிப்பேடுகளைத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்ணிடம் கொடுத்தார். 2015இல் கிடைத்தது இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் ஒரு லட்சம் டாலர் அபராதமும். அதிபர் பில் கிளின்டனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த சாண்டி பெர்கர் ஆவணக் காப்பகத்திலிருந்து ரகசியத் தாள்களை எடுத்துப் போனார். அவருக்கு 50,000 டாலர் அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை. இருவருமே சிறைக்குப் போகவில்லை.

நோக்கம் வேறு என்பார்கள். டெக்ஷேரா வேண்டுமென்றே மீண்டும் மீண்டும் போட்டவர், உண்மை. ஆனால் சாசியர் உளவாளி இல்லையே.

நேர்மையான வாக்காளர்: ஹிலாரியைப் பற்றி ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்?

நீங்கள் இப்போதுதான் கேட்கிறீர்கள். ஹிலாரி கிளின்டன் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது சொந்த சர்வரில் அரசு மின்னஞ்சல் வைத்தது தவறு. 2016இல் எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமி "மிகுந்த கவனக்குறைவு" என்று சொல்லிவிட்டு, வழக்குக்குப் பரிந்துரைக்கவில்லை. அதுவும் மேலே சொன்ன பட்டியலில் சேர வேண்டியதுதான். அவரைச் சிறையில் போடச் சொன்னவர்களும் இப்போது ஹெக்செத்துக்குத் தண்டனை கேட்பவர்களும் ஒரே அளவுகோலை வைத்திருந்தால் எனக்கு மகிழ்ச்சி.

கடல்காகம்: இவ்வளவு எழுதுகிறீர்கள். தாக்குதல் நடந்தது, விமானங்கள் திரும்பி வந்தன, ஒரு விமானிக்கும் கீறல் இல்லை. நடக்காத சேதத்துக்கு ஏன் இந்த ஒப்பாரி?

கேட் கீப்பர் தூங்கிவிட்டார், அந்த நேரம் பார்த்து ரயில் வரவில்லை. அவருக்குப் பதக்கமா கொடுப்பீர்கள்?

கடல்காகம்: உவமை வேண்டாம் சார். அரசியல்வாதி வாய்விட்டதால் ராணுவத்துக்குச் சேதம் வந்ததற்கு ஒரு ஆதாரம் கொடுங்கள்.

சரி, 1943க்குப் போவோம். ஆண்ட்ரூ ஜாக்சன் மே, கென்டக்கி எம்.பி., பிரதிநிதிகள் சபையின் ராணுவ விவகாரக் குழுத் தலைவர். பசிபிக் போர்முனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பத்திரிகையாளர்களைக் கூட்டினார். நம் நீர்மூழ்கிகள் தப்பி வருகின்றன, ஏனென்றால் ஜப்பான்காரர்கள் ஆழ்கடல் குண்டுகளை மிக மேலேயே வெடிக்கும்படி வைக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். பல பத்திரிகைகள் அதை அச்சடித்தன. பசிபிக் நீர்மூழ்கிப் படைத் தளபதி சார்லஸ் லாக்வுட் பின்னால் போட்ட கணக்கு: அந்தப் பேச்சால் 10 நீர்மூழ்கிகள், 800 உயிர்கள். மே மீது இதற்காக எந்த வழக்கும் வரவில்லை. தேர்தலில் தோற்றார், அப்புறம் போர்க்கால ஒப்பந்த லஞ்ச வழக்கில்தான் உள்ளே போனார். அதற்கும் ட்ரூமன் மன்னிப்புக் கொடுத்துவிட்டார்.

கடல்காகம்: அந்த 800 என்பது தளபதியின் ஊகம். ஜப்பான் அந்தச் செய்தியைப் படித்துத்தான் ஆழத்தை மாற்றியது என்று நிரூபணம் உண்டா? நானும் கொஞ்சம் படிப்பவன்தான்.

ஊகம்தான். வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை. நீங்கள் எனக்கு எதிராக எடுத்த ஆயுதம் என் கட்சிக்குத்தான் பயன்படுகிறது, பாருங்கள். மூழ்கிய கப்பல் எதனால் மூழ்கியது என்று கடலுக்கடியில் போய்க் கேட்க முடியாது. எதிரி தனக்கு எப்படித் தெரிந்தது என்று ரசீது கொடுப்பதில்லை. சேதத்தை நிரூபித்தால்தான் பொறுப்பு என்றால் யார் மீதும் எப்போதும் பொறுப்பு வராது. அதனால்தான் உலகத்தில் எல்லா ராணுவமும் விளைவுக்குக் காத்திருக்காமல் விதியை மீறியதற்கே தண்டிக்கிறது.

ஓய்வுபெற்ற ஹவில்தார்: சரியாகச் சொன்னீர்கள். சங்கேதப் புத்தகம் தொலைந்தால் அது எதிரியிடம் போனதா என்று யாரும் கேட்பதில்லை, நேராக உள்ளேதான்.

கடல்காகம்: சிப்பாய் வேறு, அமைச்சர் வேறு. ஆளுக்கொரு ஊரில் இருக்கும் அமைச்சர்கள் அவசரமாக முடிவெடுக்க வேண்டும். பூட்டிய அறைக்கு ஓட நேரம் இருக்குமா?

அந்தப் பதவிக்காரர்கள் எங்கே போனாலும் பாதுகாப்பான தொடர்புக் கருவியும் அதை இயக்கும் ஆட்களும் கூடவே போகிறார்கள். என் மாதிரி ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். அவசரம் என்கிறீர்கள். ஏப்ரலில் வந்த செய்திப்படி, ஹெக்செத் அதே தாக்குதல் விவரங்களைத் தன் மனைவி, தம்பி, சொந்த வழக்கறிஞர் இருந்த இன்னொரு சிக்னல் குழுவிலும் போட்டிருக்கிறார். அங்கே என்ன முடிவெடுக்க வேண்டியிருந்தது?

கடல்காகம்: அந்த இரண்டாவது குழுவுக்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதில் என் கருத்து மாறவில்லை.

மாற வேண்டாம். இதை இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தேசபக்தன்77: அந்தப் பத்திரிகைக்காரரை ஏன் பிடித்து உள்ளே போடவில்லை?

அவர் திருடவில்லை, அழைத்துச் சேர்த்தார்கள். தாக்குதல் முடியும்வரை வாய் திறக்கவும் இல்லை. அந்தக் குழுவில் ரகசியத்தைக் காப்பாற்றிய ஒரே ஆள் அவர்தான்.

சுந்தரி_கோவை: எங்கள் குடும்ப குரூப்பை சிக்னலுக்கு மாற்றலாமா?

மாற்றுங்கள். குண்டு போடும் நேரத்தை மட்டும் அதில் போடாதீர்கள். செயலி பற்றி இதற்கு மேல் பதில் சொல்ல மாட்டேன்.

இலண்டன் தமிழன்: பொறுப்பேற்றுப் பதவி விலகியவர்கள் எந்த நாட்டிலாவது உண்டா ஐயா?

உண்டு. கனடா வெளியுறவு அமைச்சர் மாக்சிம் பெர்னியே, நேட்டோ தொடர்பான ரகசியத் தாள்களைத் தன் காதலி வீட்டில் விட்டுவிட்டு வந்தது தெரிந்ததும் 2008 மே மாதம் விலகினார். உங்கள் ஊரில் 2019இல் தேசியப் பாதுகாப்புக் குழுவில் பேசியது வெளியே போனதற்காக பாதுகாப்பு அமைச்சர் கவின் வில்லியம்சனை தெரசா மே நீக்கினார். அவர் கடைசிவரை மறுத்தார். 2022இல் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் அரசு ஆவணத்தைச் சொந்த மின்னஞ்சலில் அனுப்பியதற்காக விலகி, ஆறே நாளில் அதே நாற்காலிக்குத் திரும்பினார். அதைப் பொறுப்பேற்பு என்பதா, விடுமுறை என்பதா?

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது ஆப்கான் பட்டியல். பிரிட்டனில் அடைக்கலம் கேட்ட சுமார் 19,000 ஆப்கானியர்களின் விவரங்கள் 2022 பிப்ரவரியில் ஒரு பாதுகாப்புத் துறை ஊழியரின் மின்னஞ்சல் வழியாகக் கசிந்தன. பிரிட்டிஷ் படைக்கு உதவியவர்கள் என்று தாலிபான் தேடக்கூடிய ஆட்கள் அதில் உண்டு. அரசுக்கே 2023 ஆகஸ்டில்தான் தெரிந்தது. அடுத்த மாதம் நீதிமன்றம் தடை போட்டது, தடை இருப்பதையே சொல்லக் கூடாது என்ற தடை. 2025 ஜூலை வரை அது நீடித்தது. நடுவில் ஒரு பொதுத் தேர்தலே நடந்து ஆட்சி மாறியது. வாக்காளருக்குத் தெரியாது, எம்.பி.க்கள் கேட்கவும் முடியாது. பெயர்கள் பட்டியலில் இருந்தவர்களின் உயிரைக் காக்கத் தொடக்கத்தில் தடை தேவைப்பட்டது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய இரண்டு வருடம்! அவர்களைக் காத்த அதே போர்வை அமைச்சர்களையும் சேர்த்து மூடியது.

மாடிவீட்டுக்காரன்: நம் நாட்டில் யாராவது?

ஒருவரைச் சொல்கிறேன். 1985 ஜனவரியில் கூமர் நாராயண் உளவு வழக்கு வெடித்தது. பிரதமர் அலுவலக ஊழியர்களே கோப்புகளை வெளியே எடுத்துக் கொடுத்து நகல் எடுக்கவிட்டிருந்தார்கள். பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் மேல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தனக்குக் கீழே நடந்தது என்பதற்காக விலகினார். அப்புறம் லண்டனில் தூதர், 1988இல் தமிழ்நாட்டு ஆளுநர். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் குடியரசுத் தலைவர் ஆட்சியின்போது கோட்டையை நடத்தியவர் அவர்தான். விலகியவர் வாழ்க்கை முடிந்துபோகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வக்கீல் குமாஸ்தா: கடைசியாக ஒன்று சார். சிக்னல் விவகாரத்தில் யாருக்காவது ஏதாவது ஆனதா?

வால்ட்ஸ் "முழுப் பொறுப்பு எனது" என்று தொலைக்காட்சியில் சொன்னார். மே 1 அன்று பதவி போனது. அதே நாளில் ஐ.நா. தூதர் பதவிக்கு அறிவிக்கப்பட்டார், செப்டம்பரில் செனட் ஒப்புதல் கொடுத்தது. ஹெக்செத் மேல் நடவடிக்கை இல்லை. செய்திகள் தானாக அழியும்படி வைத்திருந்ததால், விசாரித்தவர்கள் அட்லாண்டிக் வெளியிட்டதை வைத்துத்தான் உரையாடலைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அறிக்கையின் பொதுப் பதிப்பு கிடைக்கிறது, கடைசியில் இருக்கும் பரிந்துரையைப் படியுங்கள். அது அமைச்சருக்கானதல்ல. மின்னஞ்சல் அனுப்பிய மத்தியக் கட்டளையகத்தின் பாதுகாப்புப் பிரிவு, இனிமேல் எந்தப் பத்தி ரகசியம் என்று தெளிவாக முத்திரை குத்த வேண்டுமாம்.