சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் யூத ஆசிரியரான மெலாமெதின் அடிக்கு யூதச் சட்டத்தில் இடம் உண்டா?

உண்டு, ஆனால் நீங்கள் மொழிபெயர்க்கும் நினைவுக்குறிப்பில் அந்தச் சிறுவன் வாங்கும் அளவுக்கு இல்லை. யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில், பாபா பத்ரா என்ற பகுதியின் 21-ஆம் ஏட்டில், அடிப்பதானால் செருப்பு வாரால் மட்டும் அடி என்று ரவ் என்ற அறிஞர் ஓர் ஆசிரியரிடம் சொல்கிறார். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள் என்ற வரம்பும் அங்கேயே இருக்கிறது. முன்கோபி கற்பிக்கத் தகாதவன் என்று ஹில்லேல் என்ற யூத ஞானி அதற்கும் முன்பே சொல்லிவிட்டார்.

பிறகு ஏன் அப்படி அடித்தார்கள்? வறுமை ஒரு பெரிய காரணம் என்பேன். கிழக்கு ஐரோப்பிய ஹேதர், அதாவது யூதச் சிறுவர்களின் தொடக்கப்பள்ளி, பெரும்பாலும் மெலாமெதின் வீட்டு அறைதான். வேறு பிழைப்பு அமையாமல் அந்த வேலைக்கு வந்தவர்கள் பலர். வீட்டில் இத்திஷ் பேசும் நாலு வயதுப் பிள்ளை, பகல் முழுக்க அங்கே உட்கார்ந்து எபிரேய எழுத்துகளோடு மல்லாட வேண்டும்.

மூலத்தில் ஒன்றைப் பாருங்கள்: அடிப்பது மெலாமெதா, பெல்ஃபரா? பெல்ஃபர் என்பவர் பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்துவரும் உதவியாள். 'கான்சிக்' என்று வந்தால் பிரம்பு என்று எழுதாதீர்கள், அது சிறிய தோல் சாட்டை.

ஹேதரைப் பற்றி எழுதியவர்களில் பலர் பின்னாளில் அந்த உலகை விட்டு வெளியேறியவர்கள். அன்பான மெலாமெதை நினைத்து உருகியவர்களும் உண்டு. அதற்காக இந்தச் சிறுவனின் வலியைத் தமிழில் மென்மையாக்கிவிடாதீர்கள், தயவுசெய்து.