பதில்: துறைமுக நகரை ஒரே மந்திரத்தில் எரித்த மந்திரவாதி

வணக்கம். உங்கள் ஆட்டத்தில் பதினேழாம் நிலை மந்திரவாதி ஒருவர், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை எறிந்து கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டு) ஐந்தாம் பதிப்பின் ‘விண்கல் மழை’ என்ற மந்திரத்தால் துறைமுக நகர் முழுவதையும் எரித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். விதிப்படி அது நடக்காது. விழும் நான்கு கற்களும் தலைக்கு 40 அடி ஆரத்தைத்தான் தாக்கும். நான்கையும் சேர்த்தாலும் அரை ஏக்கர்கூட வராது. இங்கே திருகோணமலையில் நாங்கள் ஆடியபோது, உட்துறைமுகத்தின் சாயலில் வரைந்த படத்தின்மேல் அதே அளவுக்கு வெட்டிய அட்டை வட்டங்களை வைத்துப் பார்த்தோம்; இறங்குதுறையும் இரண்டு பண்டகசாலைகளும் போயின, கோட்டை அப்படியே நின்றது. (மந்திரவாதியின் முகம்தான் சுண்டிப்போனது.)

நகரையே அழிக்கும் ஆயுதம் கதைக்கு வேண்டுமென்றால் மகாபாரதத்து அசுவத்தாமனை நினையுங்கள்: ஏவத் தெரிந்தவனுக்குத் திருப்பியழைக்கத் தெரியாததால், அந்த அஸ்திரம் உத்தரையின் கருவை நோக்கிப் போனது. அவ்வாறே திருப்பியழைப்பதற்குத் தனியாகப் பகடை எறியச் சொல்லி, தவறினால் இலக்கை ஆட்டத்தை நடத்தும் நீங்களே தீர்மானியுங்கள்.