கணினிக்குள் இன்னொரு கணினி: விர்ச்சுவல் மெஷின் கேள்வி பதில்

விர்ச்சுவல் மெஷின் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். மாணவர்கள், அச்சகம் நடத்துபவர், ஆடிட்டர் ஆபீஸ் ஊழியர், ஆசிரியை என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். மென்பொருளால் கணினிக்குள்ளேயே உருவாக்கும் இன்னொரு கணினிதான் விர்ச்சுவல் மெஷின். அதைச் சுருக்கமாக வி.எம். என்றே எழுதுகிறேன். உங்கள் நிஜக் கணினி ஹோஸ்ட், அதற்குள் ஓடுவது கெஸ்ட்.

கேள்வி: அண்ணா, நான் பி.சி.ஏ. ரெண்டாவது வருஷம். லினக்ஸ் பேப்பர் இருக்கு. லேப்டாப்ல விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். டூயல் பூட் (ஒரே டிஸ்க்ல ரெண்டு ஓ.எஸ்.) போட்ட ஃப்ரெண்டுக்கு டி டிரைவ் மொத்தமா போயிடுச்சு, அதான் பயமா இருக்கு. வி.எம். போதுமா?

பதில்: தாராளமாகப் போதும் தம்பி. கமாண்டுகள், ஷெல் ஸ்கிரிப்ட், சி புரோகிராம் எல்லாமே வி.எம்.முக்குள் அப்படியே ஓடும். வி.எம். ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேர் இலவசம், அதையே போட்டுக்கொள்.

ரேம் விஷயத்தில்தான் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 சும்மா இருக்கும்போதே 3, 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். கெஸ்ட்டுக்கு 3 ஜிபிக்கு மேல் கொடுத்தால் இரண்டுமே திணறும். அதனால் உபுண்டுவுக்குப் பதில் லுபுண்டு எடு. அடியில் இருப்பது அதே உபுண்டுதான், டெஸ்க்டாப் மட்டும் இலகுவானது. கோர் 2, டிஸ்க் 25 ஜிபி வை. டிஸ்க்கை டைனமிக்காக வைத்தால் 25 ஜிபியும் உடனே போய்விடாது, உள்ளே எழுத எழுதத்தான் அந்த ஃபைல் வளரும். வி.எம். ஓடும்போது குரோமை மூடி வைத்துவிடு.

இன்ஸ்டால் செய்யும்போது ஓரிடத்தில் 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்று கேட்கும். நிறையப் பேர் அங்கேதான் பயந்துபோய் கேன்சல் செய்கிறார்கள். அதே திரையில் டிஸ்க்கின் பெயரையும் அளவையும் பார். 'விபாக்ஸ் ஹார்ட்டிஸ்க்' என்றும் நீ கொடுத்த 25 ஜிபி அளவும் இருக்கும். கெஸ்ட்டுக்குத் தெரிந்த டிஸ்க் அது ஒன்றுதான். உன் சி டிரைவோ டி டிரைவோ அதன் கண்ணிலேயே படாது. தைரியமாக அழுத்து. உள்ளே என்ன கெட்டுப்போனாலும் அந்த வி.எம்.மை நீக்கிவிட்டு மறுபடி போடலாம். ரூட் (முழு அட்மின்) அதிகாரத்தோடு எதையும் உடைத்துப் பார்க்கிற சுதந்திரம் கற்றுக்கொள்கிற வயதில் அவசியம் வேண்டும். டூயல் பூட்டில் அந்தத் துணிச்சல் வராது என்பதால்தான் எல்லா மாணவர்களுக்கும் முதலில் வி.எம்.மைச் சொல்கிறேன்.

கேள்வி: வி.எம்.மை ஸ்டார்ட் செய்தாலே 'விடி-எக்ஸ் பயாஸில் அணைக்கப்பட்டுள்ளது' என்று எரர் வருகிறது. 64 பிட் தேர்வும் காட்டவில்லை.

பதில்: டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் என்ற வரி 'டிஸேபிள்டு' என்று இருக்கும். கணினியை ரீஸ்டார்ட் செய்து, ஓ.எஸ். எழும் முன் வரும் அடிப்படை செட்டிங் திரையான பயாஸுக்குள் போங்கள். இன்டெல் என்றால் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டி என்றால் 'எஸ்விஎம் மோடு' என்ற பெயரில் இருக்கும். ஆன் செய்து சேவ் செய்தால் முடிந்தது. லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்து பயாஸ் ரீசெட் ஆகி வந்தாலும் இது அணைந்துபோய்விடும்.

கேள்வி: அது என்ன விடி-எக்ஸ்? அது இல்லாத காலத்திலும் வி.எம். இருந்ததாகப் படித்தேன். உள்ளே இருக்கும் ஓ.எஸ். ஏமாறுவது எப்படி?

பதில்: நான் ரொம்ப ரசிக்கிற விஷயம் இது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எந்த ஓ.எஸ்.ஸும் பிராசஸரின் முழு அதிகாரமும் தன்னிடம் இருக்கிறது என்று நம்பித்தான் எழுதப்படுகிறது. வி.எம்.மில் அந்த அதிகாரத்தைக் குறைத்துத்தான் அதை ஓட விடுவார்கள். சாதாரணக் கட்டளைகள் நேராகப் பிராசஸரிலேயே ஓடும், வேகம் குறையாததற்குக் காரணம் அதுதான். அதிகாரம் தேவைப்படும் கட்டளையைக் கெஸ்ட் கொடுத்தால் மட்டும் பிராசஸர் அதை நிறுத்தி, வி.எம்.மை ஓட்டுகிற மென்பொருளான ஹைப்பர்வைசரிடம் ஒப்படைக்கும். ஹைப்பர்வைசர் அந்த வேலையை விர்ச்சுவல் வன்பொருள் மீது செய்து முடித்து, ஒன்றும் நடக்காதது போலக் கெஸ்ட்டிடம் திருப்பிவிடும். ஐபிஎம்மின் பெரிய மெயின்ஃப்ரேம்களில் 1972-லேயே விஎம்/370 இப்படித்தான் ஓடியது. இதற்கான நிபந்தனையை 1974-ல் போப்பெக், கோல்ட்பெர்க் இருவரும் எழுதி வைத்தார்கள்: கணினியின் நிலையைத் தொடுகிற கட்டளை எதுவானாலும், அதிகாரம் இல்லாதவன் கொடுத்தால் பிராசஸர் கட்டாயம் நிறுத்தியாக வேண்டும்.

நம் வீட்டுக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 பிராசஸர் இதில் தேறவில்லை. உதாரணத்துக்கு 'பாப்-எஃப்' என்ற கட்டளை. இன்டரப்ட்டை, அதாவது வன்பொருள் இடையில் குறுக்கிட்டுக் கூப்பிடுவதை, அணைக்க ஓ.எஸ். அதைப் பயன்படுத்தும். அதிகாரம் இல்லாத நிலையில் கொடுத்தால் பிராசஸர் நிறுத்தவும் மாட்டேன் என்கிறது, எரரும் காட்டுவதில்லை. இன்டரப்ட்டை மட்டும் தொடாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். கெஸ்ட், இன்டரப்ட் அணைந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும். ஹைப்பர்வைசருக்கோ அப்படி ஒரு கட்டளை வந்ததே தெரியாது. இப்படிப்பட்ட கட்டளைகள் ஒன்றிரண்டு அல்ல, 17 இருப்பதாகப் பின்னர் பட்டியலே போட்டார்கள்.

1998-ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. கெஸ்ட்டின் கெர்னல் (ஓ.எஸ்.ஸின் மையப் பகுதி) ஓடும்போதே அதன் கட்டளைகளைப் படித்து, இடக்கானவற்றை மட்டும் மாற்றி எழுதி ஓட்டியது. 1999-ல் அவர்களின் ஒர்க்ஸ்டேஷன் வெளிவந்தது. பிராசஸர்காரர்கள் விழித்துக்கொண்டு, கெஸ்ட்டுக்கென்றே தனி நிலை ஒன்றைச் சில்லுக்குள் வைத்தது அதற்கும் பிறகு: இன்டெல் 2005-ல், ஏஎம்டி 2006-ல். இன்டெல் அதற்கு வைத்த பெயர்தான் விடி-எக்ஸ். நீங்கள் பயாஸில் ஆன் செய்வது அந்த வசதியைத்தான்.

இன்றைய கெஸ்ட்டுகள் ஏமாறுவதும் இல்லை. தாங்கள் வி.எம்.மில் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற டிரைவர்களைப் போட்டுக்கொண்டு ஒத்துழைக்கின்றன.

கேள்வி: 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் இருந்தும் விர்ச்சுவல்பாக்ஸ் ஆமை வேகம். கீழே நிஜமாகவே ஒரு பச்சை ஆமைப் படம் வருகிறது!

பதில்: அந்த ஆமை ஒரு அறிவிப்பு. விண்டோஸ் தன்னுடைய சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வியை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஓடுகிறது என்று பொருள். ஹைப்பர்-வியை நீங்கள் கேட்காமலேயே எழுப்பிவிடுபவை பல உண்டு: டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), 'விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்', பாதுகாப்பு அமைப்பில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி'. முதல் இரண்டும் தேவையில்லை என்றால் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எடுத்துவிடுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி அப்படியல்ல, கெர்னலைக் காக்கிற அம்சம். பேங்க் வேலை பார்க்கிற கணினியில் அதை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. உங்களிடம் விண்டோஸ் புரோ இருந்தால் ஹைப்பர்-வியையே நேராகப் பயன்படுத்துங்கள். ஹோம் பதிப்பில் அது கிடையாது. கமாண்டு லைன் மட்டும் போதும் என்றால் டபிள்யூஎஸ்எல் 2 இன்னும் வசதி. அதுவும் உள்ளுக்குள் ஒரு குட்டி வி.எம்.தான்.

கேள்வி: சார், சின்ன பிரஸ் வைத்திருக்கிறேன். பழைய எக்ஸ்பி மெஷினில் பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் ஃபான்ட் பேக்கேஜ், அதற்கு ஒரு டாங்கிள் (மாட்டினால்தான் சாஃப்ட்வேர் ஓடும் பூட்டுச் சாதனம்). கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் என்று பல வருஷ ஃபைல்கள் எல்லாம் அதில்தான். மெஷின் இன்றோ நாளையோ என்று இருக்கிறது. புதுக் கணினியில் இதையெல்லாம் திறக்க வழி உண்டா?

பதில்: உண்டு அண்ணாச்சி, ஆனால் மெஷின் மூச்சோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். முதல் வேலையாக இன்றைக்கே ஃபைல்களையும் ஃபான்ட் ஃபோல்டரையும் வெளியே காப்பி எடுத்து வையுங்கள்.

எக்ஸ்பி சிடி, பேஜ்மேக்கர் சிடி, ஃபான்ட் பேக்கேஜ் சிடி மூன்றும் கையில் இருந்தால், வி.எம்.மில் புதிதாக இன்ஸ்டால் செய்வதே சுத்தமான வழி. சிடி தொலைந்துவிட்டது என்றால், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டி, டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக எடுக்க வேண்டும். அதை விர்ச்சுவல் டிஸ்க்காக மாற்றும் கமாண்டு விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்கிறது. மாற்றிய டிஸ்க்கை சாட்டா கன்ட்ரோலரில் மாட்டாதீர்கள். எக்ஸ்பிக்கு அதன் டிரைவர் தெரியாது. பூட் ஆகும்போது 7பி என்று முடிகிற எண்ணோடு நீலத் திரை வரும். செட்டிங்கில் ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டினால் எழுந்துவிடும். வன்பொருள் மாறியதால் ஆக்டிவேஷன் மறுபடி கேட்கலாம். மெஷினோடு சேர்த்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் அது அந்த மெஷினுக்கு மட்டும்தான் என்பதையும் மனதில் வையுங்கள்.

டாங்கிள்தான் முடிச்சு. யூஎஸ்பி டாங்கிள் என்றால் வி.எம். செட்டிங்கில் யூஎஸ்பி ஃபில்டரில் சேர்த்தால் பெரும்பாலும் வேலை செய்யும். பிரின்டர் போர்ட்டில் மாட்டுகிற 25 பின் டாங்கிள் என்றால் சிரமம். கடையில் கிடைக்கும் யூஎஸ்பி-பேரலல் கேபிள் பிரின்டருக்காகச் செய்தது, டாங்கிளை அது பெரும்பாலும் அடையாளம் காணாது. அப்படியானால் ஃபான்ட் விற்றவர்களிடம் யூஎஸ்பி டாங்கிள் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.

அந்த எக்ஸ்பிக்கு நெட் கொடுக்கவே கொடுக்காதீர்கள். 2014 ஏப்ரல் 8-ஓடு அதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. நெட்வொர்க் அடாப்டரையே எடுத்துவிட்டு, ஃபைல் பரிமாற்றத்துக்கு ஒரே ஒரு ஷேர்டு ஃபோல்டர் வையுங்கள். பிரின்ட்டுக்குப் பிடிஎஃப் ஆக்கி வெளியே எடுத்தால் போதும். வேலை இல்லாத நாட்களில் பழைய மேட்டரை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள். வி.எம். உங்களுக்குக் கால அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த ஃபான்ட்டின் என்கோடிங்கில் அடைபட்ட எழுத்தை விடுவிக்கும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஹோஸ்ட் லினக்ஸ், கெஸ்ட் விண்டோஸ். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் கெஸ்ட்டில் தெரியவே மாட்டேன் என்கிறது.

பதில்: உங்கள் லினக்ஸ் யூசரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' குரூப்பில் சேர்த்துவிட்டு, லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். பிறகு டிவைசஸ் மெனுவில் யூஎஸ்பி, அதில் டோக்கன் பெயரை டிக் செய்யுங்கள். கெஸ்ட்டிடம் கொடுத்த நேரத்தில் அது ஹோஸ்ட்டுக்குத் தெரியாது, அது இயல்புதான்.

கேள்வி: ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், அதனால் பேக்கப் தேவையில்லைதானே? இன்னொன்று, 40 ஜிபி டிஸ்க் கொடுத்த வி.எம். ஃபோல்டர் 90 ஜிபிக்கு வந்து நிற்கிறது.

பதில்: ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியோடு பழைய டிஸ்க் ஃபைல் உறைந்துவிடும். அதற்குப் பிறகு நடக்கும் மாற்றங்கள் மட்டும் புது ஃபைலில் போகும். அடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு இன்னொரு ஃபைல். எல்லாம் ஒன்றையொன்று நம்பி நிற்கிற சங்கிலி. ஒரு கண்ணி போனால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் போகும். எல்லாம் இருப்பது ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வேறு. உங்கள் 90 ஜிபிக்குக் காரணமும் இந்தச் சங்கிலிதான். இடம் வேண்டும் என்று எக்ஸ்ப்ளோரரில் போய் அந்த ஃபைல்களை நேராக டெலீட் செய்துவிடாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸின் ஸ்னாப்ஷாட் பட்டியலில் நீக்கினால்தான் மாற்றங்களை முறையாக ஒன்றுசேர்க்கும். அதற்கும் தற்காலிகமாக டிஸ்க்கில் இடம் வேண்டும், முழுதாக நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். ஏதாவது சோதிக்கும் முன் எடுத்து, சோதித்ததும் நீக்குங்கள். பேக்கப்புக்கு வி.எம்.மை அணைத்துவிட்டு, முழு வி.எம்.மையும் ஒரே ஃபைலில் அடக்கும் ஓவிஏ-வாக எக்ஸ்போர்ட் செய்து வெளி டிஸ்க்கில் வையுங்கள்.

கேள்வி: சந்தேகமான சாஃப்ட்வேரை வி.எம்.மில் ஓட்டிப் பார்த்தால் ஹோஸ்ட்டுக்கு ஆபத்து இல்லைதானே?

பதில்: சுவரைத் துளைத்துக்கொண்டு வருவது அரிது, நடக்காதது அல்ல. 2015-ல் வெளியான 'வெனம்' குறைபாடு, யாருமே பயன்படுத்தாத ஃப்ளாப்பி டிரைவுக்காக கியூஎம்யூ என்ற வி.எம். மென்பொருளில் இருந்த நிரல் வழியாகவே கெஸ்ட்டிலிருந்து தப்ப வழி திறந்திருந்ததைக் காட்டியது. ஆனால் வீட்டில் நடக்கிற விபத்துகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், நாமே கதவைத் திறந்து வைக்கிறோம். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை எழுதும் அனுமதியோடு ஷேர் செய்துவிட்டு ரான்சம்வேரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) ஓட்டினால், அது ஹோஸ்ட்டின் ஃபைல்களையும் பூட்டிவிட்டுத்தான் ஓயும். ஷேர்டு ஃபோல்டர், பொது கிளிப்போர்டு, யூஎஸ்பி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். நெட்வொர்க்கை 'நாட் அட்டாச்டு' என்று வையுங்கள், ஏனென்றால் ஹோஸ்ட்டின் இணைப்பு வழியாகவே கெஸ்ட் நெட்டுக்குப் போகும் நேட் முறையிலும் உங்கள் வீட்டு நெட்வொர்க்கை அதனால் தொட முடியும்.

கேள்வி: எம்1 மேக்புக்கில் சாதாரண விண்டோஸ் 10 ஐஎஸ்ஓ போட முடியுமா? கேம்ஸ்?

பதில்: எம் வரிசை மேக்குகளில் இருப்பது ஆர்ம் பிராசஸர். ஆர்முக்கான கெஸ்ட்தான் வேகமாக ஓடும். மேக்கில் வி.எம். ஓட்டும் சாஃப்ட்வேர்களான யூடிஎம், பேரலல்ஸ் இரண்டிலும் ஆர்ம் லினக்ஸ், ஆர்ம் விண்டோஸ் 11 நன்றாக ஓடும். விர்ச்சுவல்பாக்ஸும் 2024-ல் வந்த 7.1 முதல் ஆர்ம் கெஸ்ட்டை ஏற்கிறது. சாதாரண இன்டெல் ஐஎஸ்ஓவை யூடிஎம்மில் எமுலேஷனாக, அதாவது இன்டெல் பிராசஸரையே மென்பொருளால் நடித்துக் காட்டி, ஓட்டலாம், ஆனால் பொறுமை வேண்டும். கேம்ஸ் எந்தக் கணினியின் வி.எம்.மிலும் வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டின் முழு பலம் கிடைக்காது, ஆன்லைன் கேம்கள் பலவும் வி.எம். என்று தெரிந்தாலே வெளியே தள்ளிவிடும்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது. லினக்ஸுக்கு மாறி, விண்டோஸ் 10-ஐ வி.எம்.மில் வைத்துக்கொண்டால் பாதுகாப்புதானே?

பதில்: மாறுவது நல்ல முடிவு. ஆனால் உள்ளே வைத்ததாலேயே விண்டோஸ் 10-இன் ஓட்டைகள் அடைபடுவதில்லை. நெட் இல்லாமல் ஓடும் சாஃப்ட்வேருக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, பிரவுசிங், மெயில், பேங்க் எல்லாவற்றையும் லினக்ஸ் பக்கம் செய்யுங்கள். வி.எம்.முக்குத் தனி விண்டோஸ் லைசென்ஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கொஞ்ச நாள் பரிசோதனைக்கு என்றால் விண்டோஸ் 11 என்டர்பிரைஸின் 90 நாள் மதிப்பீட்டுப் பதிப்பை மைக்ரோசாஃப்ட்டே தருகிறது.

கேள்வி: வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. லேபில் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி லினக்ஸ் வி.எம். வேண்டும். ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்யாமல் முடியுமா?

பதில்: முடியும் டீச்சர். ஒரே ஒரு கணினியில் நிதானமாக எல்லாம் போடுங்கள்: கம்பைலர், தமிழ்99 கீபோர்டு, பாடத்துக்கான ஃபைல்கள். மாணவர்களுக்குச் சாதாரண யூசர், உங்களுக்கு மட்டும் அட்மின் என்று வைத்து, அணைத்து, ஓவிஏ-வாக எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் எடுத்துப் போய் மற்றவற்றில் இம்போர்ட் செய்யுங்கள். பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருக்கட்டும், ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் போகாது. இம்போர்ட் திரையில், நெட்வொர்க் அடாப்டரின் அடையாள எண்ணான மேக் முகவரி பற்றிய தேர்வில் 'எல்லா அடாப்டருக்கும் புதியது உருவாக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின்னால், வி.எம். நேராக லேப் நெட்வொர்க்கில் சேரும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால், ஒரே மேக் முகவரியோடு இருக்கும் வி.எம்.கள் ஒன்றோடொன்று மோதி, நெட் வருவதும் போவதுமாக இருக்கும். நேட் முறையிலேயே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்போது எல்லா வி.எம்.மும் 10.0.2.15 என்ற ஒரே ஐபியைத்தான் காட்டும், மாணவர்கள் வந்து கேட்பார்கள். ஒவ்வொன்றும் தனித்தனி நேட்டுக்குப் பின்னால் இருப்பதால் அது சரிதான்.